கழற்றுவதற்குக் கமிஷன் இல்லை

பத்து மணி நேரம் நின்ற கால்களோடு
ரதாயே போகும் டிராமில் ஏறுகிறேன்.
ஜன்னலில் தெரியும் பெண்ணுக்குப் பருக்களே இல்லை.
மூக்கோரம் மட்டும் கொஞ்சம் விரிசல் விட்டிருக்கிறாள்.
கீழே வார்த்தா ஆறு
பாதி உறைந்து கிடக்கிறது.

போஸ்னானின் பெரிய அங்காடியில், தரைத்தளத்தில்,
என் முகம்தான் மாதிரிப் புட்டி.
"நீங்கள் பூசியிருப்பது எது?" என்று கேட்டு
அதையே வாங்கிப் போகிறார்கள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது
இந்தக் கவுன்டரில் ஒரு கலை,
அதற்கு மூன்று நாள் பயிற்சி,
மதியம் சூப்பும் ரொட்டியும்.
பூசுவதற்கு முப்பத்தொரு வழிகள் காட்டினார்கள்.
கழற்றுவதற்கு
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி.

வீட்டில் கிங்கா தூங்கிவிட்டாள்.
கீசர் இருமி இருமிப் பற்றிக்கொள்கிறது.
முதலில் கைகள். முகம் பிறகு.
இதைக் கற்க இரண்டு வருடம் ஆனது எனக்கு:
ஸ்பிரிட், பற்பசை, மணல்போல் சொரசொரக்கும் ஸ்கிரப்,
கறை பிடித்த சட்டியைத் துலக்குவதுபோல்
என் கன்னத்தைத் துலக்கிய இரண்டு வருடம்.
பரு அழுக்கு இல்லை என்று
யாரும் அதுவரை சொல்லவில்லை.

இப்போது அவசரமில்லை.
நனைந்த பஞ்சை இமைமேல் வைத்து
இருபதுவரை எண்ணுகிறேன்.
இழுக்காமலே மஸ்காரா வந்துவிடுகிறது.
எண்ணெய் உள்ளங்கையில் சூடாகி
முகத்துப் பூச்சைக் குழைத்துக் கரைக்கிறது,
கழுத்தில் வழிவது இன்றைய சம்பளம்.
அப்புறம் மணமில்லாத ஜெல்,
அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர்,
முடி தொடங்கும் கோடு, தாடையின் அடி, காதோரம்.
ஒளிந்துகொள்ள அங்கேதான் அதற்கு இடம்.
துவாலையை ஒற்றி எடுக்கிறேன்.
கண்ணாடியில் சிவப்பாக, புடைத்து,
நான்.

வியாழன் பின்னிரவு இரண்டு மணிக்கு அபாய மணி.
மூன்றாம் மாடியில் யாரோ
அடுப்பில் பாத்திரத்தை மறந்திருக்கிறார்கள்.
பத்து மாடியும் பனியில் இறங்கி நின்றது,
இரவு உடைக்குமேல் கோட்டுகள், வெறுங்காலில் பூட்ஸ்,
விளக்குக் கம்பத்தடியில் எல்லோரும் வெற்றுமுகத்தோடு.
ஒருத்தியைத் தவிர.
ஆறாம் மாடி பானி ரெனாத்தா.
திங்களன்று என்னிடம் வாங்கிய அதே நிறம்,
தலையணை மடிப்புகள் அதில் பதிந்திருந்தன.
கண்ணடியில் மை இறங்கியிருந்தது.

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
"குளிருதா?" என்றேன்.
குரலைக் கேட்டதும் திரும்பினாள்,
என் தாடையைப் பார்த்தாள்,
நெற்றியைப் பார்த்தாள்,
"உங்களுக்குமா?"

நாற்பத்து நான்கு வயதில் இது வரக் கூடாதாம்.
தேய்த்துக் கழுவினால் எரிகிறதாம்.
எரிவதால் கழுவுவதில்லை,
கழுவாததால் இன்னும் கிளம்புகிறது,
கிளம்புவதால் இன்னும் தடிமனாக.
அவள் சொல்லச் சொல்ல
நான் விற்ற இரண்டு ட்யூபுகளும்
என் நாக்கில் ஒட்டிக்கொண்டன.

தீயணைப்புக்காரர்கள் ஏணியை விரிக்கும் நேரத்தில்
சொன்னேன், கவுன்டரில் சொல்லாததை எல்லாம்.
கையுறை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
"தலையணை உறையும்," என்றேன்.
கட்டைவிரலை மடக்கினாள்.
"மூன்று மாதத்தில் அடங்காவிட்டால் டாக்டர்."
மடக்க விரல் இல்லை.
சிரித்தாள். பூச்சு வாயோரம் உடைந்தது.

அடுத்த வாரம் லிஃப்டில் பார்த்தேன்.
ஒன்றும் பூசியிருக்கவில்லை.
ஆறிவிடவில்லை, சிவப்பு அப்படியேதான்,
ஆனால் செதில் உதிரவில்லை.
நான் வேலைக்குப் போகிறேன், முழு முகத்தோடு.
இம்முறையும் ஒரு கணம் தயங்கினாள்.

"இரண்டாவது ட்யூபைத் திறக்கவே இல்லை.
திருப்பி எடுத்துக்கொள்வார்களா?"

என் கமிஷனில் பதினொரு ஸ்லோட்டி போகும்.
"இந்த வாரத்துக்குள் வாருங்கள்," என்றேன்,
"ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்."