பதினாலாவது மீற்றர்

மூன்றாம் முறையும் குளியலறைத் தரையில்
போன தண்ணீர் திரும்பி வந்தது,
ஞாயிறு காலை, நான் தலைமுழுகும் நேரம் பார்த்து.

க்ரெச் வந்தான். மால்ட்டாக்காரன்.
பெண்டில் ஹில்லில் பாதி வீடுகளின்
நாற்றம் தெரிந்தவன்.
கமராவைக் கேபிளோடு உள்ளே இறக்கி
திரையைக் குசினி மேசையில் வைத்தான்.
தேத்தண்ணிக்குச் சீனி போட்டபடி
எங்கள் வீட்டை அடியிலிருந்து பார்த்தோம்.

மண்குழாய். ஐம்பத்தெட்டாம் ஆண்டு.
துண்டு துண்டாய்ப் பொருத்தியது.
மூட்டுக்கு மூட்டு வேர்,
வெள்ளையாய், சீப்பில் சிக்கிய ஈரமயிர் போல.
வாசல் லிக்குவிடம்பர்தான்.
மே மாதம் அது சிவந்து நிற்க
தெருவால் போகிறவர்கள் படமெடுப்பார்கள்.
கீழே அதற்கு இப்படியொரு உத்தியோகம்.

இரண்டு வழி, என்றான்.
முழுக்கக் கிண்டிப் புதுசு போட்டால் பதினெட்டாயிரம் டொலர்.
இல்லையென்றால் உறை:
பிசின் ஊறிய துணியை உள்ளே தள்ளி
காற்றடைத்து இறுகவிட்டால்
பழையதுக்குள் ஒரு புதுக்குழாய். பதினோராயிரம்.
பாம்பு சட்டை கழற்றும்.
இது உள்ளுக்குள்ளே சட்டை போடும்.
ஐம்பது வருடம் உத்தரவாதம்.

எனக்கு அறுபத்திரண்டு.
நூற்றுப் பன்னிரண்டாம் வயதில் உறை கிழிந்தால்
யாருக்குப் போன் எடுப்பேன் என்று
ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.

சிற்சபேசன் உடனே உறை என்றார்.
நிலத்தைத் தொடத் தேவையில்லை என்றார்.
நிலம் என்றால் அவருக்கு அந்தக் கொங்கிறீட்,
கராஜ் வரைக்கும் அவரே நின்று போடுவித்தது.
கலவை லொறியை உள்ளே விடாதையுங்கோ,
வாசலில் நிப்பாட்டித் தள்ளுவண்டிலில் கொண்டுபோங்கோ
என்று அன்றைக்குச் சொன்னேன்.
மண் தாங்கும் என்றார்.

பதினாலாவது மீற்றரில்
கமரா தண்ணீருக்குள் போனது.
திரை கலங்கிற்று.
க்ரெச் கோப்பையைக் கீழே வைத்தான்.
வயிறு, என்றான்.
இரண்டு மீற்றருக்குக் குழாய் தொய்ந்திருக்கு.
போறதெல்லாம் இதிலே தங்கி யோசிக்குது.
உறை போடலாம்,
ஆனால் உறை தொய்வைத்தான் அளவெடுக்கும்.

அதுக்கு மேலே என்ன இருக்கு என்று கேட்டேன்.
தெரிந்துதான் கேட்டேன்.

கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.
அது கூவின இடத்தில்
நீலச் சோக்கால் குறுக்கே ஒரு கோடு,
கொங்கிறீட்டின் நட்டநடுவில்,
லொறியின் பின்சில்லு நின்ற இடம்.

நான் வாய் திறக்கவில்லை.
அது கேட்டுத்தானோ என்னவோ
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இரண்டு மீற்றர் கிண்டுவது, மிச்சத்துக்கு உறை.
பதினாலாயிரத்து இருநூறு.
இழுத்து இழுத்துப் பதின்மூன்று எண்ணூறுக்குக் கொண்டுவந்தேன்.
மரம் நிற்கட்டும் என்றேன்.
திரும்பவும் தேடி வரும் என்றான் க்ரெச்.
வரட்டும், மூட்டில்லாத இடத்தில் முட்டிப் பார்க்கட்டும்.

இரவு அவர் டோர்ச்சோடு எழும்பிப் போனார்.
கோட்டுக்குப் பக்கத்தில் நின்று
குதிக்காலால் இரண்டு தட்டு.
கெட்டியாய்த்தான் இருக்கு, என்றார்,
யன்னலில் நான் நிற்பது தெரிந்து.
ஓம், மேலே கெட்டிதான்.

வியாழன் வெட்ட வருகிறார்கள்.
அதுவரை ஒருவர் குளித்தால்
மற்றவர் கோப்பை கழுவக்கூடாது.
முப்பத்தொரு வருடத்தில் முதல்தடவையாக
ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு
பைப்பைத் திறக்கிறோம்.