ஓடும் பாட்டு

படங்கள் நூற்றுப் பன்னிரண்டும்
ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.
சத்தம் மட்டும் இல்லை.
ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினேன்.
ஒலியளவை முழுக்க ஏற்றினேன்.
மென்பொருளை மூடித் திறந்தேன், இரண்டு தரம்.
அத்தை கேக் வெட்டுகிறார்
எல்லார் கையும் தட்டுகிறது
மீன்தொட்டிக்குள் நடந்த விசேஷம் போல.

ஏழு மணிக்கு சாட்ஸ்வர்த் மண்டபத்தில் திரை கட்டிவிடுவார்கள்.
ஆறுக்கே கரண்ட் போகும்.

கடைசியில் கண்ணில் பட்டது
ஒலிக்கோட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு முக்கோணம்.
தொட்டால் சொல்கிறது:
பாட்டு இந்தக் கணினிக்குள் வந்ததே இல்லை,
விலாசம்தான் வந்தது.
நேற்று ராத்திரி குத்தியிருந்த பென்டிரைவ்
இப்போது எங்கே?

பூபாலனுக்கு அடித்தேன்.
பின்னால் நாதஸ்வரம், தவில்,
நடுவே கண்டெய்னர் லாரியின் ஹாரன்.
"கார்ல போட்டிருக்கேன் தேவராணி.
நல்லாத்தான் இருக்கு, யாருக்கு இது?"

யாருக்கா!
உன் அம்மாவுக்கு அறுபது இன்றைக்கு.
என் திரையில் ஊமையாய்க் கிடக்கும் பாட்டு
ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில்
மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வா, என்றேன்.
என்னது, என்கிறான்.
முதலில்
சத்தத்தைக் குறை.