இருப்புக் கணக்கு

மார்ச் முப்பத்தொன்று.
ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
உராமே கூட்டுக்கடையில் இன்றிரவு
இருப்பதை எல்லாம் எண்ண வேண்டும்.
டொகாஷிகி சாயோ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

பன்றிக்கறி டின் அறுபத்தொன்று,
அதில் நசுங்கியது நான்கு.
"நசுங்கியதும் இருப்புதான், எழுது."
கொசுவர்த்தி பதினெட்டு.
பேட்டரி இருபத்து மூன்று.
தூண்டில் முள்ளை எண்ண முடியாமல்
எடை போட்டோம்.
ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி,
இருபத்தொன்பது சென்டிமீட்டர்.
அந்த அளவுக் கால் இந்த ஊரில் யாருக்கும் இல்லை.
வாங்கி வைத்த பழைய மேலாளர்
நாஹாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு பங்கு.
போன வருட லாபம்
வீட்டுக்கு ஒரு சோயா சாஸ் பாட்டில்.
அதற்கு முந்தின வருடம்
பாட்டிலும் இல்லை.

ஆகஸ்டில் கூட்டம் போட்டார்கள்.
நாற்பது கிலோமீட்டரில் சூப்பர் மார்க்கெட்,
நாளுக்கு மூன்று பஸ்,
இனி நமக்கு எதற்கு ஒரு கடை?
மூடலாம் என்று பதினைந்து கை.
வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றபோது
எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.
மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லத்தான்
தூக்கினேன்.
"பதினாறு" என்றார் செயலாளர்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
மேலாளர் யார் என்று கேட்டபோது மட்டும்
அத்தனை கையும் மடியில் கிடந்தது.
கடைசியாகத் தூக்கினவனைப்
பார்த்தார்கள்.

கவாசாகியில் இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டினேன்.
அங்கே மீட்டர்தான் பேசும்.
இங்கே கடன் நோட்டு.
கடன் அன்பை முறிக்கும் என்று
ஒரு பலகைகூட மாட்டவில்லை எவரும்.
மாயேஷிரோ மித்சுவோ
பதினொரு பாட்டில் அவாமோரி வாங்கியிருக்கிறார்.
மனைவி பார்த்தால் வம்பு,
டீசல் என்று எழுது என்றார்.
எழுதினேன்.
அவரிடம் டீசலில் ஓடுவது எதுவும் கிடையாது.

அக்டோபர் புயலில் மலை சரிந்து
நான்கு நாள் லாரி வரவில்லை.
கடைதான் காப்பாற்றியது என்று
இப்போது பேசிக்கொள்கிறார்கள்.
நான் உள்ளே இருந்தவன்.
அரிசியைக் கப்பில் அளந்து கொடுத்தேன்.
மெழுகுவத்திக்கு
அப்போதும் விலை குறைக்கச் சொன்னார்கள்.

இரவு பத்தரை. கணக்கு உதைக்கிறது.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து யென்
அதிகம்.
"குறைந்தால் பரவாயில்லை,
யாராவது நாளைக்குக் கொண்டுவந்து தருவார்கள்.
அதிகமானால்தான் எனக்குத் தூக்கம் வராது"
என்கிறாள் சாயோ.
மறுபடி கூட்டினோம்.
அதே இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.

ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்பு.
"கடை இல்லை, எண்ணிக்கொண்டிருக்கிறோம்."
"அப்படியா. சரி, ரெண்டு பேட்டரி கொடு."
மாயேஷிரோவின் மனைவி கிமியே.
கை மட்டும் உள்ளே வந்தது,
ஆயிரம் யென் நோட்டோடு.
மீதியை நீட்டினேன்.
கை வாங்கவில்லை.
"டீசலுக்கு வெச்சுக்கோ. எப்பவும் போல."

எப்பவும் போல.

நான் சாப்பிடப் போகும் நேரங்களில்
கல்லாப் பக்கத்துத் தட்டில்
யாருடையது என்று தெரியாமல் கிடந்த சில்லறையை
நான்தான் தினமும்
கல்லாவுக்குள் தள்ளிவிட்டிருக்கிறேன்.

செருப்புச் சத்தம் பஸ் நிறுத்தம் தாண்டிப் போனது.
சாயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"உனக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"மித்சுவோவுக்கு?"
அதற்கு நான் பதில் சொல்லவில்லை.
இந்தக் கடையில் வாயைத் திறக்காமல்
நானும் ஒன்றை வைத்திருக்கிறேன்,
ஆகஸ்டிலிருந்து.
எந்த அலமாரியிலும் இல்லை அது,
எண்ணிக்கையிலும் வராது.

இருபத்து மூன்றை அடித்து
இருபத்தொன்று என்று எழுதினேன்.
"பேட்டரியிலிருந்து திரும்ப ஆரம்பி" என்றாள்.
மார்ச்சிலேயே புழுங்குகிறது.
மின்விசிறி அந்த மூலையில்
பூட்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது.
எழுந்துபோய் நானே திருப்பிக்கொண்டேன்.