உணர்ந்தது: புதன்

நெப்ராஸ்காவில், காற்று திரும்பும்போதெல்லாம்
இறைச்சி ஆலையின் நெடி வகுப்புக்குள் வந்து
கடைசி பெஞ்சில் உட்காரும் ஓர் ஊர்.
ஏழாம் வகுப்பு. அறை எண் நூற்றுப் பதினொன்று.
மிஸ் கோவாண்டாவின் சுவரில் நான்கு நிறம்:
நீலம் சோர்வு, பச்சை சுகம்,
மஞ்சள் படபடப்பு, சிவப்பு…
சிவப்புக்கு அவள் பல்லைக் கடித்து
முகத்தைச் சுருக்கிக் காட்டுவாள்.
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.
சிவப்பென்றால் வேடிக்கை என்றே
இரண்டு வாரம் நினைத்திருந்தார்கள்.

பதினாறு பேர். ஒன்பது மொழி.
எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறுபது ஆங்கிலச் சொல்:
பென்சில், கதவு, மழை, மூக்கு,
திங்கள் முதல் ஞாயிறு வரை,
டாய்லெட் போகலாமா,
"ஐ ஆம் ஃபைன்."
கடைசியாகச் சொன்னது ஒரு கம்பளி.
எதன்மேலும் போர்த்தலாம்.

எவெலியோ தினமும் பச்சை அட்டைதான் எடுப்பான்.
தன் பெயருக்கு நேரே வைத்து
கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பான்,
தபால்தலை ஒட்டுகிறவன் மாதிரி.

பிப்ரவரியில், பனி சேறாகிக் கிடந்த ஒரு நாள்,
யாரோ அவன் தொப்பியைத் தட்டிவிட்டார்கள்.
அவ்வளவுதான்.
இரண்டு உதை. லாக்கரின் கதவு உள்வாங்கியது,
சூப்புக் கிண்ணத்தின் அளவுக்கு.

விதிப்படி ஒரு தாள் தந்தார்கள்.
என்ன செய்தாய்?
படம் வரைந்தான்: ஒரு கால், ஒரு கதவு.
அடுத்த முறை என்ன செய்வாய்?
"கதவு, ஸாரி."
இரண்டுக்கும் நடுவில்,
என்ன உணர்ந்தாய்?
முனை உடைய எழுதியிருந்தான்:
"வெட்னஸ்டே."
வாய்க்குள் காணாமல் போகும் அந்த டி-யைக்கூட விடாமல்.

பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள்.
தேதியை அங்கே எழுதிவிட்டான் என்றும் சொல்ல முடியாது;
அன்று செவ்வாய்.

மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கேட்டாள்.
ஸ்பானிஷ் வந்தது. அவனுக்கு அதுவே பாதி அந்நியம்.
மாம் மொழிக்கு நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை.
கடைசியில் எங்கிருந்தோ ஒரு பெண்குரல்,
பின்னால் ஒரு குழந்தை வீரிட,
அவனிடம் கேட்டுச் சொன்னது:
"நன்றாக இருக்கிறானாம்."

புதனன்று என்ன?
அப்பாவின் இரவு ஷிஃப்டா, ஏதாவது அலுவலகத்தில்
கையெழுத்துப் போடும் நாளா,
வருவதாகச் சொல்லி வராத ஒரு போனா?
பொன் கிடைத்தாலும் கிடைக்காதென்பார்களே,
அந்தப் புதன் இவனுக்கு
வாரம் தவறாமல் கிடைத்துவிடுகிறது.

அவள் துருவவில்லை.
துருவியிருக்க வேண்டுமோ என்று
இப்போதும் காரோட்டும்போது தோன்றும்.
அன்று செய்ததெல்லாம் இதுதான்:
ஒரு வெள்ளை அட்டையில் அந்தச் சொல்லை எழுதி
மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒட்டினாள்.
கோணலாக. டேப் சரியாகப் பிடிக்கவில்லை.

நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி விடு.
அவள் சொல்லிக்கொடுத்த ஒன் டூ த்ரீ ஃபோர்
மூக்கு திறப்பதற்குள் முடிந்துவிடும்.
ஒருநாள் அவன் உதடு வேறு மாதிரி அசையக் கண்டாள்:
ஜுன், கபே, ஓஷே, க்யாஹே.
அந்த நாலில் காற்று நிறையப் பிடித்தது.

மார்ச்சில் நியாகோவாங்
முதுகுப் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று சொன்னாள்:
"மிஸ், டுடே மீ ஸ்மால் வெட்னஸ்டே."
வெள்ளிக்கிழமை அது.
இலக்கணத்தைத் திருத்த வாயெடுத்தவள்
நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள்.

லாக்கரை இன்னும் மாற்றவில்லை;
விண்ணப்பம் எந்த மேசையிலோ.
எவெலியோ சில காலைகளில் அந்தக் குழியில்
உள்ளங்கையைப் பதித்து நிற்கிறான்.
எண்ணுகிறான்.
போன வாரம் எண்ணியும் உதைத்தான்,
ஒரே உதை,
கொஞ்சம் மெதுவாக.