ஹனுஸின் கொட்டகை

ஓட்ஸ் டப்பா அட்டையில்
நீள்சதுரம் ஒன்று வெட்டி
கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறேன்.
டிக்கெட் கூண்டைப் பூட்டியாகிவிட்டது.
அடுத்த படகுக்கு நாற்பது நிமிடம்.

தொடுவானத்தை நடுவில் வைத்தால்
கடலும் வானமும்
பாகம் பிரித்த பங்காளிகள் போல
முகம் திருப்பிக்கொள்கின்றன.
அட்டையைக் கொஞ்சம் உயர்த்துகிறேன்.
மூன்றில் இரண்டு பங்கு வானம்.
ஃபாரோ தீவுகளில் அது மிகையில்லை.

இடது கீழ்மூலையில் நுழைந்த ஓடை
கண்ணைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போகிறது.
சரிவில் மூன்று ஆடுகள்.
நான்காவது வந்தது, வரையவில்லை.
தூரத்து மலைக்குப் பென்சில் பட்டும் படாமலும்.
காலடிப் பாறைக்குத் தோளிலிருந்து அழுத்தம்;
முனை ஒடிந்தது.

ஹனுஸின் தகரக் கொட்டகைதான்
பல்லில் சிக்கிய நார்.
கண் எங்கே போனாலும் அங்கேயே திரும்புகிறது.
விட்டுவிட்டேன்.
அந்த இடத்தில் புல், ஏழெட்டுக் கோடு.

படகு ஊதியது.
முதலில் இறங்கியவர் ஹனுஸ்.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"என் கொட்டகை எங்கே?"
சமநிலை, வெற்றிடம் என்று
ஏதோ உளறினேன்.
"நாலு குளிர்காலப் புயலால் ஆகாதது
உன் பென்சிலால் ஆயிற்றா!"
சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறினார்.

மஞ்சள் மழைக்கோட்டு
ஓடையோரமாகவே போய்
கொட்டகைக் கதவைத் திறந்து
உள்ளே மறைந்தது.
என் தாளில்
அவர் புல்லுக்குள் போயிருப்பார்.

கயிறு கட்டி, பயணிகளை ஏற்றி,
சில்லறை எண்ணி முடித்தேன்.
மறுபடி நாற்பது நிமிடம்.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
பத்தடி இடப்பக்கம் நகர்ந்தேன்.
கொட்டகையும் நகர்ந்தது,
மலையின் நிழலோரம் வரை.
புதுத் தாள்.
முதலில் அதன் கூரை.