மணல் தூவுகிறவளின் ஓய்வு நேரம்

இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
ஊர் வழுக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
கெமியார்வி நகராட்சியின் ஆரஞ்சு லாரி,
முதுகில் ஒன்பது டன் சரளை மணல்,
மணிக்கு முப்பது கிலோமீட்டர், அதற்கு மேல் கூடாது.
உப்பும் கைவிட்ட குளிர் இது.
மணலைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டரைக்கு ஓய்வு. இருபது நிமிடம்.
ஏரிக்கரையில், என்ஜினை அணைக்காமல் நிறுத்துகிறேன்.
பிளாஸ்க்கில் காப்பி.
ஒரு கையுறையை மட்டும் கழற்றுகிறேன்,
வலது கட்டைவிரலுக்காக.

விளையாட்டில் ஒன்றுமே இல்லை.
சாம்பல் திரை.
வளைந்து வளைந்து போகும் ஒரு வெள்ளைப் பட்டை.
அதன்மேல் தீக்குச்சித் தலையளவு சிவப்புக் கட்டம்.
அதுதான் கார் என்று நாமாக ஒத்துக்கொள்ள வேண்டும்.
மரமில்லை, மலையில்லை, கைதட்ட ஆளில்லை,
பிரேக்கும் இல்லை.
விரலை அழுத்தினால் இடப்பக்கம் சறுக்கும்,
எடுத்தால் வலப்பக்கம்.
பச்சைப் பிள்ளைகூட ஆடுமே என்று
நானும்தான் நினைத்தேன்.

முதல் நாள் மூன்று வளைவு.
மறுநாள் ஐந்து. அதற்கடுத்த நாள் மறுபடி மூன்று.
வளைவைப் பார்த்துவிட்டு அழுத்தினால் போச்சு.
அது வருவதற்கு முன்பே,
பாதை இன்னும் நூல் பிடித்தாற்போல் கிடக்கையிலேயே
காரணமில்லாமல் திரும்பிவிட வேண்டும்.
அப்புறம் ஓர் இடைவெளி.
மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்.
கேட்டதைக் கார் தருமா தராதா என்று
பல்லைக் கடித்துக் காத்திருக்கும் அரை நொடி.
தந்துவிட்டால்
குறுக்காகக் கிடந்தபடியே முன்னால் போகிறேன்.
அதற்காகத்தான் இத்தனையும்.

தவறினால் வெடிப்பில்லை, ரத்தமில்லை.
சிவப்பு, வெள்ளையை விட்டு விலகும்.
மறுகணம் தொடக்கக்கோட்டில் நிற்கும்,
எதுவுமே நடக்காததுபோல.
யாரும் படிவம் நிரப்பச் சொல்வதில்லை.

பகல் ஷிஃப்ட் ஆர்ட்டோ எழுபத்தொன்று எடுத்திருக்கிறான்.
எப்படி என்றால் தோளைக் குலுக்குகிறான்.
"விரலைப் பார்க்காதே, ரைலி" என்கிறான்.
விரலை நான் எப்போது பார்த்தேன்?
ஜனவரியில் ஒரு நாள் எழுபது வரை போனேன்.
எழுபது என்று தெரிந்தது.
தெரிந்ததுதான் தப்பு.

நேற்று, நாலேகால் மணிக்கு, பாலத்தில்
லாரியின் பின்பக்கம் என்னைக் கேட்காமல் கிளம்பியது.
ஒன்பது டன்னும் ஒரு சத்தமில்லாமல்
என்னை முந்திக்கொண்டு வந்து
பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தது.
என் கட்டைவிரல்
ஸ்டியரிங்கின் வெறும் ரப்பரை அழுத்தியது.
ஒருமுறை. இன்னொரு முறை.
அங்கே பொத்தான் ஏதும் இல்லை.
பிறகு கைகள் தாமாக எதிர்ப்பக்கம் திரும்பின,
தேவைக்கு முன்பா பின்பா, தெரியவில்லை.
விளக்கொளியில் தண்டவாளக் கம்பிகள்
சீப்பின் பற்களாய் ஓடின.
சொல்ல வெட்கமாக இருக்கிறது:
அழகாக இருந்தது.

ஒரு சாண் தள்ளி நின்றது.
காப்பி மட்டும் தரையெல்லாம்.
இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கறுப்புக் கண்ணாடிபோல் பனிக்கட்டி,
அதன்மேல் என் சக்கரங்கள் போட்ட
நீண்ட, குறையில்லாத வளைவு.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு லாரியைத் திருப்பி
அதன்மீது மணல் தூவினேன்.
திரும்பி வந்து, மறுபடியும் தூவினேன்.

ஏழு மணிக்குக் குறிப்பேட்டில் எழுதினேன்:
பாலம். இருமுறை தூவப்பட்டது.
சாவியை வாங்கும்போது ஆர்ட்டோ கேட்டான்,
"ராத்திரி எத்தனை?"

"ஒன்று" என்றேன்.