ஏழாம் நிலையம்

ஒலிநாடா ஓடி முடிய ஒன்பது நிமிடம்.
அதுவரை தொலைக்காட்சியில் கோடுகள்,
கொசுப்புகை வண்டி கீழே போவதுபோல் இரைச்சல்.
"அசையாதே, அறுந்துவிடும்" என்பாள் கியோக் லெங்.
ஒருமுறை நான் தும்மினேன்.
மறுபடி முதலிலிருந்து.

எண்பத்து மூன்று. தோ பாயோவில் ஏழாவது மாடி.
சிம் லிம் டவரில் யாரோ கழித்துவிட்ட கணினி,
'எம்' விசை கிடையாது.
வரைபடம் வேண்டுமென்றால்
பல்குச்சியால் குத்த வேண்டும்.
அவள் அப்பா செய்தி பார்க்க வருமுன்
அண்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

அவள் கையில் பிடி, என் கையில் பல்குச்சி.
அசையும் புள்ளி எதிரி,
அசையாத புள்ளி நாங்கள்.
ஏழாம் நிலையத்தை நாற்புறமும் சூழ்வார்கள்.
எரிபொருளை எண்ணி, குறுக்கே பாய்ந்து
போய்ச் சேர்ந்தால்
அங்கே வெறும் கறுப்பு.
முடிவில் எங்களுக்கு ஒரு பதவி தரும் ஆட்டம்:
விளக்குத் துடைப்பவர்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
அன்றிரவு தூங்கவில்லை,
நான் மட்டுந்தான் என்று நினைத்திருந்தேன்.

மொத்தமே பதினாறாயிரம் எழுத்துகள், அந்த வானம்.
இன்று காலை மைத்துனர் அனுப்பிய
ரோஜாப்பூ வணக்கம்
அதைவிட முப்பது மடங்கு.

இப்போது என் முன்னே நான்கு திரைகள்.
நீரிணை, இரவுப் பணி.
புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கொடி,
உள்ளே இருபது பேர், பாதிப்பேர் உறக்கத்தில்.
வேகம் குறையுங்கள், வலப்பக்கம் திரும்புங்கள்,
நன்றி, நல்ல பயணம்.
அன்று புள்ளி புள்ளியைத் தொட்டால் நூறு மதிப்பெண்.
இன்று தொடாமல் போனால்
யாருக்கும் தெரியாது.
கட்டைவிரல் மட்டும் இன்னும்
மேசை விளிம்பில் எதையோ அழுத்திப் பார்க்கிறது.

மூன்று மணிக்குப் பெர்த்திலிருந்து குறுஞ்செய்தி.
அந்த ஆட்டம் இப்போது கைப்பேசியிலேயே வருகிறதாம்.
"ஏழாம் நிலையத்தைக் காப்பாற்றிவிட்டேன்."

நாற்பது ஆண்டுகள்.
எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன்.
"காப்பாற்றினால் என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

தட்டச்சிட்டாள், நிறுத்தினாள், மறுபடி தட்டச்சிட்டாள்.

"ஒன்றும் ஆகவில்லை, வள்ளி.
அந்தப் புள்ளி அங்கேயே இருக்கிறது."

கிழக்கே போகும் எண்ணெய்க் கப்பல் ஒன்று கூப்பிட்டது.
பதில் சொன்னேன்.